முதுகெலும்பு வளைவு அறுவை சிகிச்சை: கணினி எதைக் காட்டும், எதைக் காட்டாது?

பள்ளிச் சீருடைக்கு அளவெடுக்கும் தையற்காரர்தான் பல வேளைகளில் இதை முதலில் கவனிக்கிறார். “பாப்பாவுக்கு ஒரு தோள் இறங்கி இருக்குதும்மா, அதான் சட்டை ஒரு பக்கமா போகுது” என்கிறார் அவர். வீடு திரும்பிய தாய், மகளை முன்புறமாகக் குனியச் சொல்லிப் பார்க்கிறார். முதுகின் ஒரு பக்கம் மேடாக எழும்பி நிற்கிறது. இத்தனை நாள் இது எப்படித் தன் கண்ணில் படாமல் போயிற்று என்று அவர் தம்மையே நொந்துகொள்கிறார்.

நொந்துகொள்ள வேண்டியதில்லை. பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் பெற்றோர் முன்னிலையில் உடை மாற்றுவதில்லை. வளைவு பெரும்பாலும் வலிப்பதும் இல்லை. வேகமாக உயரம் கூடும் பருவத்தில் சில மாதங்களுக்குள்ளேயே அது கூடிவிடக்கூடும். பள்ளிப் பையைச் சுமந்ததால் வந்தது, கோணலாக உட்கார்ந்ததால் வந்தது என்று உறவினர் சொல்வதையும் மனத்தில் கொள்ள வேண்டாம். வளரிளம் பருவத்தில் வரும் பக்கவளைவுக்கு அவை காரணமல்ல.

ஸ்கோலியோசிஸ் எனப்படும் இப்பக்கவளைவு, வளரிளம் பருவத்தினர் நூறு பேரில் இரண்டு அல்லது மூன்று பேரிடம் காணப்படுகிறது. ஊடுகதிர்ப் படத்தில் வளைவின் கோணத்தை அளக்கிறோம். 10 பாகைக்கு மேல் இருந்தால்தான் அதற்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர். 25 பாகையைத் தாண்டி, உடல் வளர்ச்சியும் மீதமிருந்தால் பிரேஸ் எனப்படும் தாங்கு கவசத்தை அணியச் சொல்கிறோம். 45, 50 பாகையைத் தாண்டும்போதுதான் அறுவை சிகிச்சை பற்றிப் பேசத் தொடங்குகிறோம். வளைவு கண்டறியப்படும் பிள்ளைகளில் மிகச் சிலரே அந்த நிலையை அடைகின்றனர்.

அந்தச் சிலரின் பெற்றோர் கேட்கும் கேள்விகளில் அண்மைக் காலமாக ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது: “கம்ப்யூட்டர் வெச்சு ஆபரேஷன் பண்ணுவீங்களா டாக்டர்? அப்படிப் பண்ணினா கால் விளங்காமப் போற பயம் இல்லையாமே?” இக்கேள்வியின் முதற்பாதி எளிது. இரண்டாம் பாதிக்கு ஒரு வார்த்தையில் விடை சொன்னால் அது உண்மையாக இராது. அதற்காகவே இக்கட்டுரை.

கம்பியிலிருந்து திருகுக்கு

வளைந்த முதுகெலும்பை உள்ளிருந்து உலோகத்தால் நிமிர்த்தும் முறைக்கு வயது அறுபதுக்குச் சற்று மேல். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், இளம்பிள்ளை வாதத்தால் முதுகு வளைந்த பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளித்துவந்த பால் ஹாரிங்டன் என்ற மருத்துவர், வளைவின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் கொக்கிகளை மாட்டி, இடையே எஃகுக் கம்பி ஒன்றை வைத்து நீட்டினார். 1962இல் தம் முறையை அவர் வெளியிட்டபோது அது பெரும் முன்னேற்றம். ஆயினும் பிடிமானம் இரண்டு முனைகளில் மட்டுமே இருந்தது. சிகிச்சைக்குப் பின் பிள்ளைகள் மாதக்கணக்கில் மாவுக்கட்டுக்குள் இருக்க நேர்ந்தது. பக்கவாட்டு வளைவு குறைந்தது. எலும்புகள் தம் அச்சில் முறுக்கிக்கொண்டிருந்தது அப்படியே நின்றது.

ஸ்கோலியோசிஸ் என்பது வெறும் பக்கவாட்டு வளைவன்று. மாடிப்படி சுழன்று ஏறுவதுபோல முள்ளெலும்புகள் திரும்பியும் நிற்கின்றன. குனியும்போது விலா மேடாக எழும்புவது அதனால்தான். அந்தத் திருப்பத்தைச் சரிசெய்ய ஒவ்வொரு முள்ளெலும்பையும் தனித்தனியே உறுதியாகப் பற்ற வேண்டும். 1980களில் பிரான்சின் கொட்ரெல், துபுசே இருவரும் பல கொக்கிகளை வைத்து அதற்கு வழி திறந்தனர். 1995இல் தென் கொரியாவின் சுக் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும், மார்புப் பகுதி முள்ளெலும்புகளில் திருகுகளைப் பதித்து வளைவை நிமிர்த்திய தம் அனுபவத்தை வெளியிட்டனர். இன்று உலகெங்கும் பரவலாகக் கையாளப்படுவது அத்திருகு முறையே.

சில மில்லிமீட்டர் அகலம்

திருகு எங்கே செல்கிறது என்பதைப் பெற்றோர் அறிந்துகொண்டால் மற்றவை யாவும் விளங்கும்.

முள்ளெலும்பின் முன்பகுதி உருளை வடிவானது. பின்பகுதி வளைவானது. இரண்டையும் இணைக்க இடத்திலும் வலத்திலும் ஒவ்வொரு குறுகிய எலும்புப் பாலம் உண்டு. கத்தரிக்காய்க்குக் காம்பு இருப்பதுபோல என்று நாங்கள் சொல்வது வழக்கம். மருத்துவர்கள் அதைப் பெடிக்கிள் என்பர். திருகு பின்புறமிருந்து இக்காம்பின் உட்புறமாகவே நுழைந்து உருளைப் பகுதியில் பதிய வேண்டும். காம்பின் உட்பக்கச் சுவரை ஒட்டித் தண்டுவடம் இறங்குகிறது. வெளிப்பக்கத்தில் விலா எலும்பும் அதற்கப்பால் நுரையீரலும். உருளையின் முன்னே பெரிய இரத்தக் குழாய்கள்.

இடுப்புப் பகுதியில் இக்காம்பு தாராளமான அகலமுள்ளது. மார்பின் நடுப்பகுதியிலோ பெரியவர்களுக்கே 4, 5 மில்லிமீட்டர்தான். வளைவுள்ள பிள்ளைக்கு, வளைவின் உட்பக்கத்தில், அது 2 அல்லது 3 மில்லிமீட்டராகக் குறுகியிருப்பதும் உண்டு. பதிக்கும் திருகின் குறுக்களவோ பெரும்பாலும் 4.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. தண்டுவடம் வளைந்த குழாய்க்குள் நடுவில் நிற்பதில்லை. இழுத்துக் கட்டிய கயிறு வளைவின் உட்புறமாகச் சாய்வதுபோல உட்பக்கச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே எலும்பு எங்கே மிகக் குறுகலாக இருக்கிறதோ, அங்கேயே தண்டுவடமும் மிக அருகில் இருக்கிறது.

இத்தனை இடையூறுகளுக்கு நடுவிலும், அனுபவமுள்ள அறுவை மருத்துவர்கள் எலும்பின் மேற்புற அடையாளங்களையும் கைப்பக்குவத்தையும் கொண்டே பல்லாண்டுகளாக இத்திருகுகளைப் பதித்துவந்திருக்கின்றனர். இன்றும் பதிக்கின்றனர். மென்மையான எலும்புக்குள் கருவி செல்லும்போது கைக்கு ஒரு தன்மையும், கெட்டியான சுவரில் முட்டும்போது வேறொரு தன்மையும் தெரியும். பதித்த வழியை நுனி உருண்ட மெல்லிய கம்பியால் நாற்புறமும் தடவிப் பார்ப்பார்கள். கணினி வந்ததால் இத்திறன் தேவையற்றதாகிவிட்டது என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

அரங்கில் நடப்பது

மயக்க மருந்து கொடுத்து, பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகின் நடுவே கீறி எலும்பை வெளிப்படுத்திய பின்னரே கணினி வழிகாட்டி தன் வேலையைத் தொடங்குகிறது. முதலில், முள்ளெலும்பு ஒன்றின் பின்முனையில் சிறு கவ்வி பொருத்தப்படுகிறது. அதன்மேல், ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறு உருண்டைகள் கொண்ட சட்டம் நிற்கும். பின்னர் படுக்கையைச் சுற்றிவரும் எந்திரம் முதுகெலும்பை முப்பரிமாணப் படமாக எடுக்கிறது. மார்பு அசையாதிருக்க மயக்கவியல் மருத்துவர் சில வினாடிகள் மூச்சை நிறுத்திவைப்பார். படமெடுக்கும் நேரத்தில் குழுவினர் காரீயத் தடுப்புக்குப் பின்னால் சென்றுவிடுவர்.

அதன்பின், அகச்சிவப்புக் கதிரால் பார்க்கும் கேமரா ஒன்று, எலும்பில் நிற்கும் சட்டத்தையும் மருத்துவரின் கையிலுள்ள கருவியையும் இடைவிடாது கவனிக்கிறது. கருவியின் நுனி இந்தக் கணத்தில் எலும்புக்குள் எங்கே இருக்கிறது, எந்தத் திசையை நோக்குகிறது என்பது திரையில் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் குறுக்குவெட்டாகவும் தெரிகிறது. திருகின் நீளமும் பருமனும் எவ்வளவு இருக்கலாம் என்பதையும் அங்கேயே அளக்கலாம். சில வேளைகளில் திரை சொல்லும் மிக நல்ல செய்தி, ‘இந்த எலும்பில் திருகு வேண்டாம்’ என்பதாகவும் இருக்கும். அப்போது அந்த முள்ளெலும்பை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்வோம், அல்லது கொக்கி பொருத்துவோம்.

திருகை ஓட்டுவது மருத்துவரின் கையே. ‘ரோபோ’ என்று விளம்பரங்களில் காணப்படும் எந்திரங்களும், முதுகெலும்பு அறுவையில் பெரும்பாலும் கருவியைத் திட்டமிட்ட திசையில் பிடித்துக்கொடுக்கும் கைகளே. தாமாக அறுவை செய்வன அல்ல.

கோயம்புத்தூரில் கிடைத்த விடை

கணினி வழிகாட்டியால் உண்மையிலேயே பயன் உண்டா என்ற கேள்விக்கு முறையாக விடை தேடிய ஆய்வுகளில் முக்கியமான ஒன்று நம் ஊரிலேயே நடந்தது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவர் குழுவினரும் செய்த அந்த ஆய்வு, முதுகெலும்பு மருத்துவத்துக்கான ‘ஸ்பைன்’ ஆய்விதழில் 2007இல் வெளிவந்தது. பக்கவளைவு உள்ள 27 பேர், கூன் உள்ள 6 பேர், ஆக 33 நோயாளிகள். யாருக்குக் கணினி வழிகாட்டி, யாருக்கு வழக்கமான முறை என்பது மருத்துவரின் விருப்பத்துக்கு விடப்படாமல், குலுக்கல் போன்ற முறையில் தீர்மானிக்கப்பட்டது. மார்புப் பகுதியில் மொத்தம் 478 திருகுகள் பதிக்கப்பட்டன.

வழக்கமான முறையில் பதித்தவற்றில் 54 திருகுகள், அதாவது 23 விழுக்காடு, காம்பின் சுவரைத் தாண்டியிருந்தன. கணினி வழிகாட்டியால் பதித்தவற்றில் அப்படித் தாண்டியவை 5 மட்டுமே, 2 விழுக்காடு. ஒரு திருகைப் பதிக்க ஆன நேரமும் சராசரியாக 4.61 நிமிடத்திலிருந்து 2.37 நிமிடமாகக் குறைந்தது.

23 விழுக்காடு என்று படித்ததும் பதற வேண்டாம். சுவரைத் தாண்டுவது வேறு. நரம்பு பாதிக்கப்படுவது வேறு. ஓரிரு மில்லிமீட்டர் தாண்டிய திருகுகளில் பெரும்பாலானவை எந்தத் தீங்கும் செய்யாமல் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் தாண்டியதே தெரியவரும். காரணமறியா வளரிளம் பருவப் பக்கவளைவுக்கான அறுவையில், புதிதாக நரம்புப் பாதிப்பு ஏற்படுவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்பதே பெரிய பதிவேடுகள் காட்டுவது. இவ்வளவு அரிதாக நிகழும் ஒன்றைக் கணினி மேலும் குறைக்கிறதா என்பதை முப்பது, நாற்பது நோயாளிகளைக் கொண்ட ஆய்வு எதுவும் நிறுவ முடியாது. திருகு சரியான இடத்தில் அமையும் வாய்ப்பு கூடுகிறது என்று உறுதியாகச் சொல்லலாம். கால் விளங்காமற்போகும் அச்சமே இல்லை என்று சொல்ல முடியாது. நாங்கள் சொல்வதும் இல்லை.

திரை தவறும் நேரம்

திரையில் தெரிவது இப்போதுள்ள எலும்பின் நேரடிக் காட்சி என்று பலர் எண்ணுகின்றனர். அது சற்று நேரத்துக்கு முன் எடுத்த படம். எலும்பில் நட்ட சட்டத்தை நம்பி, அந்தப் பழைய படத்தின்மேல் கருவியின் இடத்தைக் கணினி கணக்கிட்டுக் காட்டுகிறது. யாருடைய முழங்கையாவது சட்டத்தில் இடித்து அது இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டால், கணினிக்கு அது தெரியாது. முன்பிருந்த அதே தெளிவோடு தவறான இடத்தைக் காட்டும்.

முதுகெலும்பு ஒரே கட்டையும் அன்று. கண்ணிகள் கோத்த சங்கிலி. ஓர் எலும்பில் அழுத்தித் துளையிடும்போது அடுத்தவை சற்றே அசையும். சட்டம் நிற்கும் எலும்பிலிருந்து விலக விலகத் திரையின் துல்லியம் குறையும். ஆகவே நீண்ட வளைவுகளில் சட்டத்தை இடம் மாற்றி, மீண்டும் படமெடுத்துத் தொடர்வோம். ஒவ்வொரு எலும்பையும் தொடங்குமுன், கண்ணுக்குத் தெரியும் ஓர் எலும்பு முனையைக் கருவியால் தொட்டு, திரையும் அதே முனையைக் காட்டுகிறதா என்று பார்ப்போம். காட்டாவிட்டால் திரையை ஒதுக்கிவிட்டுக் கையை நம்புவோம். கையின் அனுபவம் இல்லாதவரிடம் இந்த எந்திரம் இருப்பது ஏன் போதாது என்பது இப்போது விளங்கும்.

எல்லாத் திருகுகளையும் பதித்தபின், தேவை கருதி அரங்கிலேயே மறுபடி ஒரு படம் எடுக்கலாம். இடம் தவறிய திருகு இருந்தால் தையல் போடுமுன்பே மாற்றிவிடலாம். வார்டுக்குத் திரும்பிய பிள்ளையைச் சில நாள் கழித்து இரண்டாம் முறை அரங்குக்குக் கொண்டுசெல்லும் நிலை இதனால் தவிர்கிறது. எங்கள் கருத்தில், குடும்பத்தினருக்கு இது கணினியின் மற்றப் பயன்களைவிடப் பெரிய ஆறுதல்.

கதிர்வீச்சு பற்றியும் ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். இம்முறையில் மருத்துவக் குழுவினர் பெறும் கதிர்வீச்சு குறைகிறது. பிள்ளைக்கு அப்படியன்று, முப்பரிமாணப் படம் சாதாரண ஊடுகதிர்ப் படத்தைவிட அதிகக் கதிர்வீச்சு தருவது. வளைவுள்ள பிள்ளைகள் முன்பே ஆண்டுதோறும் படமெடுத்துவருபவர்கள். அமெரிக்காவில் 1912 முதல் 1965 வரை வளைவு கண்டறியப்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, அவர்களிடையே மார்பகப் புற்றுநோயால் இறந்தோர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தனர். அக்காலக் கருவிகளின் கதிர்வீச்சு இன்றையதைவிடப் பன்மடங்கு. அந்தப் பாடத்தை ஒட்டியே இன்று படம் எடுக்கும்போது கதிர் முதுகுப்புறமிருந்து வருமாறு பிள்ளையை நிறுத்துகிறோம். அரங்கிலும் தேவையான எலும்புகளை மட்டும், பிள்ளையின் உடலளவுக்கேற்பக் குறைத்த அளவில் எடுக்கிறோம்.

கணினி பார்க்காத இடம்

நரம்புக்கு வரும் ஆபத்து திருகால் மட்டும் வருவதன்று. திருகுகள் யாவும் சரியாக அமைந்தபின், கம்பியைப் பொருத்தி வளைவை நிமிர்த்தும்போது தண்டுவடம் இழுபடலாம். அதற்குச் செல்லும் இரத்தம் குறையலாம். இதைத் திரை காட்டாது. இதற்குக் காவல், நரம்புக் கண்காணிப்பு. தலையிலிருந்து காலுக்கும் காலிலிருந்து தலைக்கும் மெல்லிய மின்துடிப்புகளை அனுப்பி, அவை தடையின்றிச் சேர்கின்றனவா என்று தனியொருவர் அறுவை முடியும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். துடிப்பு தளர்ந்தால் உடனே இரத்த அழுத்தத்தைக் கூட்டுவோம், நிமிர்த்தியதைத் தளர்த்துவோம், தேவையானால் திருகையும் எடுப்போம்.

இக்கருவிகள் வருமுன், 1973இல், பிரான்சின் ஸ்டாக்னாராவும் அவருடன் பணியாற்றியவர்களும் எளிய வழி ஒன்றை எழுதிவைத்தனர். அறுவைக்கு நடுவே மயக்கத்தைக் குறைத்து, நோயாளியை எழுப்பி, கால்களை அசைக்கச் சொல்வது. மின்துடிப்பில் ஐயம் எழுந்தால் இன்றும் அம்முறையை நாடுகிறோம். அதற்காகவே முதல்நாள் மாலையில் மயக்கவியல் மருத்துவர் பிள்ளையிடம் வந்து ஒத்திகை பார்ப்பார்: “நாளைக்கு நான் ‘கண்ணு, ரெண்டு பாதத்தையும் ஆட்டு’ன்னு சொல்லுவேன். ஆட்டினாப் போதும், திரும்பத் தூங்கிடலாம். வலிக்காது.” பெற்றோர் இதைக் கேட்டு மிரள வேண்டாம். எழுப்பப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பின்னர் அது நினைவிலேயே இருப்பதில்லை.

எந்த முள்ளெலும்பிலிருந்து எதுவரை இணைப்பது, எவ்வளவு நிமிர்த்துவது, எப்போது செய்வது ஆகியவையும் கணினி சொல்லாதவை. இணைக்கப்பட்ட எலும்புகள் பின்னர் வளையா. ஓர் எலும்பு கூடுதலாக இணைத்தால் இடுப்பின் அசைவு அந்த அளவு குறையும். ஒன்று குறைத்தால் கீழே புதிய வளைவு உருவாகலாம். எங்கள் குழுவில் மிக நீண்ட விவாதம் நடப்பது இதைப் பற்றியே.

நகையை அடகு வைக்க வேண்டுமா?

கணினி வழிகாட்டி உள்ள இடத்தைத் தேடி, நகையை அடகு வைத்து வேறு நகரத்துக்குச் செல்லலாமா என்று சில தந்தையர் தயங்கித் தயங்கிக் கேட்கின்றனர். வளைவைப் பொறுத்தது என்பதே எங்கள் விடை. வளைவு மிகப் பெரிதாகவும் எலும்புகள் பெரிதும் திரும்பியும் இருந்தால், பிறவியிலேயே முள்ளெலும்புகளின் வடிவம் மாறியிருந்தால், நியூரோஃபைப்ரோமடோசிஸ் போன்ற நோயால் காம்புகள் மெலிந்திருந்தால், முன்பே ஒருமுறை அறுவை நடந்து எலும்பின் அடையாளங்கள் அழிந்திருந்தால், வழிகாட்டி இருப்பது பெரும் துணை; அது உள்ள இடத்துக்குச் செல்வது தகும். நடுத்தரமான, வழக்கமான வளைவுக்கு, இத்தகைய அறுவைகளை அடிக்கடி செய்யும் மருத்துவரும் நரம்புக் கண்காணிப்பும் அருகிலேயே கிடைக்குமானால், கணினி இல்லை என்பதற்காக மட்டும் கடன் வாங்கச் சொல்ல மாட்டோம். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நரம்புக் கண்காணிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

எங்கு சென்றாலும், கணினி இருக்கிறதா என்ற கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். திருகுகள் சரியாக அமைந்தனவா என்பதை எப்போது, எவ்வாறு சரிபார்ப்பீர்கள், நரம்புத் துடிப்பு தளர்ந்தால் என்ன செய்வீர்கள், எத்தனை எலும்புகளை இணைப்பீர்கள், ஏன் அத்தனை என்று கேளுங்கள். பதினான்கு வயதுப் பெண்ணுக்கும் அவள் பங்குக்குக் கேட்க வேண்டியவை இருக்கும். தழும்பு எவ்வளவு நீளம், மறுபடி நடனமாடலாமா, எத்தனை நாள் பள்ளிக்குப் போக முடியாது என்பவை பெரும்பாலும் அவளுடைய கேள்விகள். அவற்றையும் அவளே கேட்கட்டும்.

ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுவதற்கு முன்னுள்ள சந்திப்புக்கு வரும்போது, முதன்முதலில் எடுத்தது தொடங்கி எல்லா ஊடுகதிர்ப் படங்களையும் தேதி வாரியாக அடுக்கி, மடக்காமல் எடுத்து வாருங்கள். வளைவு எவ்வளவு என்பதோடு, எவ்வளவு வேகமாகக் கூடியது என்பதும் அன்று எங்களுக்குத் தேவைப்படும்.